பின்வாசல் வழியாக

பெரியப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று சதைப் பரிசோதனை முடிவு வந்த அன்று, டாக்டர் அறைக்குள் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். பெரியப்பா வெளியே பெஞ்சில் இருந்தார். "டோக்கன் கூப்பிட்டா நாங்களே வந்து சொல்றோம், நீங்க உட்காருங்க" என்று சொல்லியிருந்தோம். டாக்டர் விவரம் சொல்லி முடித்ததும் அண்ணன் முதலில் வாய் திறந்து சொன்னது இதுதான்: "சார், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." டாக்டர் தலையாட்டிவிட்டு ஃபைலை மூடினார். சொல்வதில் என்ன தப்பு என்று அவர் எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களிடம் பதிலும் இருந்திருக்காது.

"நெஞ்சுக்குள்ள புண்ணு, பத்து நாள் கரண்ட் வெச்சா ஆறிடும்" என்று பெரியப்பாவிடம் சொன்னோம். அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தமிழ் தடையில்லாமல் வாசிப்பார், ஆங்கிலம் வராது. அதனால் ஃபைலைப் பற்றி எங்களுக்குப் பயமில்லை. பயமெல்லாம் ஆஸ்பத்திரி முன்வாசலில் கொட்டை எழுத்தில் 'புற்றுநோய்' என்றிருந்த பலகை மேல்தான். ஆட்டோக்காரரிடம் தனியாகப் பேசி, சலவைத் துணியும் ஆக்சிஜன் சிலிண்டரும் போகிற பின்வாசல் வழியாகப் போக ஏற்பாடு செய்துகொண்டோம். உள்ளே இருந்த பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டில் இதைக் குறையாகத்தான் சொல்வோம். அந்தப் பத்து நாளும் எங்களுக்கு அது பெரிய வசதியாக இருந்தது.

இந்த மறைப்பை நம் ஊர்ப் பாசம், நம் குடும்ப அமைப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1961-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு மருத்துவமனையின் 219 டாக்டர்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாகச் சொன்னார்கள். 1979-இல் அமெரிக்காவிலேயே வேறொரு மருத்துவமனையில் ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்டார்கள். இந்த முறை 97 விழுக்காட்டினர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே ஆண்டுகள். அதற்குள் சிகிச்சைகள் பெருகிவிட்டன, நோயாளி கையெழுத்திடாமல் எதையும் தொடங்க முடியாத நிலை வந்துவிட்டது, வழக்குகளும் வந்துவிட்டன. அமெரிக்கர்களின் பாசம் பதினெட்டு வருடத்தில் வற்றிப்போயிருக்காது.

ஜப்பானில் இது இன்னும் நீடித்தது. 1987 செப்டம்பரில் பேரரசர் ஹிரோஹிதோவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. கணைய அழற்சி என்று நாட்டுக்குச் சொன்னார்கள். 1989 ஜனவரி 7-இல் அவர் இறந்த பிறகுதான் புற்றுநோய் என்று அறிவித்தார்கள். பேரரசரிடமும் அவருடைய நோயைச் சொல்லியிருக்கவில்லை. ஒரு தேசமே ஒன்றேகால் வருடம் பின்வாசல் வழியாகப் போய் வந்திருக்கிறது.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று பெரியப்பா போன பிறகு தேடிப் பார்த்தேன். டாக்டர்களைக் கட்டுப்படுத்தும் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் 2002-இல் வந்தவை. நோயின் தீவிரத்தை டாக்டர் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது என்கிறது ஒரு விதி. நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த வரியிலேயே, நோயாளியோ, உறவினரோ, பொறுப்பான நண்பரோ நிலைமையை அறிந்திருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வருகிறது. அந்த 'ஓ' இருக்கிறதே, அது வழியாகத்தான் நாங்கள் மூன்று பேரும் டாக்டர் அறைக்குள் போனோம். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதலைப் பற்றிய விதி இன்னும் வேடிக்கை. கணவன் அல்லது மனைவி, சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் என்று வரிசை போட்டுவிட்டு, கடைசியில்தான் நோயாளிக்கு வருகிறது. மருந்து அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கும்போது நோயாளியை முதலிலும், உடனிருந்து கவனிப்பவரை நான்காவதாகவும் வைத்தார். நம் விதி எழுதியவர்களுக்கு வரிசை தலைகீழாகிவிட்டது.

உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16-இல் ஒரு தீர்ப்பு சொன்னது. டில்லியில் 1995-இல் நடந்த விஷயம். 44 வயதுப் பெண், திருமணமாகாதவர், மாதப்போக்கு நிற்காமல் ஒன்பது நாளாகத் தொடர்ந்ததால் மருத்துவமனைக்குப் போனார். கருவி விட்டு உள்ளே பார்ப்பதற்கும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பதற்கும் கையெழுத்துப் போட்டார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த வயதான தாயாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நோய்க்கு அதுதான் சரியான சிகிச்சை என்பது டாக்டர் தரப்பு வாதம். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை, விவரம் தெரிந்த வயதுவந்த பெண்ணுக்காகத் தாயார் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். அறுவை சிகிச்சைக் கட்டணம் கிடையாது, 25,000 ரூபாய் இழப்பீடு. பதின்மூன்று வருடம் கழித்து அந்தத் தொகை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அதே தீர்ப்பில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் போல எல்லா ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் விரிவாகச் சொல்லவேண்டிய கட்டாயம் இங்கே பொருந்தாது என்கிறார்கள் நீதிபதிகள். காரணங்களில் ஒன்று, இங்கே வைத்தியத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு இல்லாதவர்கள் அல்லது குறைவாகப் படித்தவர்கள், மருத்துவச் சொற்களும் நுணுக்கங்களும் அவர்களுக்குப் புரியாது என்பது. அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள். டாக்டர்களிடம் பேசினாலும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள்: சொன்னால் புரியாதுங்க, பயந்துடுவாங்க. இரண்டாவதாகச் சொல்வது நேரம். ஓ.பி.யில் நூறு பேர் நிற்கும்போது ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. அது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் எங்களோடு பேசியதற்கு அந்த டாக்டருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. பெரியப்பா பத்தடி தூரத்தில் பெஞ்சில்தான் இருந்தார்.

இப்படிப்பட்ட நோயை நோயாளியிடம் சொல்லும் விதத்தை 2000-ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவர்கள் சிலர் ஆறு படிகளாக வகுத்துக் கொடுத்தார்கள். கனடாவின் டொரொண்டோவில் பணியாற்றிய ராபர்ட் பக்மன் அவர்களில் ஒருவர். உலகம் முழுக்க மருத்துவ மாணவர்களுக்கு அது பாடமாக இருக்கிறது. உட்கார்ந்து பேசு என்பது தொடக்கம். தன் நோயைப் பற்றி நோயாளி ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள் என்பது அடுத்தது. அதற்கும் பிறகு, விவரம் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்கவேண்டும். "எனக்கு வேண்டாம், என் மகன்கிட்ட சொல்லுங்க" என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவு. அதற்கு மேல் வலிந்து சொல்வது கொடுமை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

ஆறாம் நாள் காலையில் பெரியப்பா ஆட்டோக்காரரின் தோளைத் தொட்டு, "தினம் ஏம்ப்பா குப்பை வண்டி போற வழியா கூட்டிட்டுப் போற? முன்வாசலாப் போ" என்றார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பலகைக்கு நேரே நிறுத்தச் சொல்லி, பெரியப்பா தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார். வாசித்து முடித்து, சட்டைப் பையைத் தடவி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

அன்று டாக்டர் வரும்வரை பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று கதவருகேயே நின்றார். டாக்டர் வந்ததும் கேட்டார்:

"டாக்டரய்யா, இந்தக் கரண்ட் வெக்கிறது சீக்கு போறதுக்கா, சோறு எறங்குறதுக்கா?"

படித்த நாங்கள் மூன்று பேரும் ஐந்து நாளில் கேட்காத கேள்வி. டாக்டர் எங்கள் பக்கம் பார்த்தார், பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு பெரியப்பாவை உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார்.

"சோறு எறங்கத்தாங்கய்யா."

"இன்னும் எத்தினி நாளு?"

"இன்னிக்கு வெச்சா, அப்புறம் நாலு நாள்."

"நாலு நாள்தானே. வந்துட்டுப் போறேன்."

திரும்பும்போதும் முன்வாசல் வழியாகவே வந்தோம். எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, எனக்கும் ஆட்டோக்காரருக்கும் பெரியப்பாவே டீ வாங்கிக் கொடுத்தார். தன் டம்ளரை நன்றாக ஆற்றி, வாய் வாயாக, நடுவில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, முழுசும் குடித்தார்.