கொல்லிமலை வீடுகளில் எரிவாயு அடுப்பு: பழுதும் பாதுகாப்பான பொருத்துதலும்

எரிவாயு அடுப்பு என்பது சிலிண்டரில் அடைக்கப்பட்ட சமையல் எரிவாயுவைக் காற்றுடன் கலந்து எரிக்கும் சாதனமாகும். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. இத்தகைய மலைப்பகுதியின் சிற்றூர்களுக்குப் பழுது பார்ப்பவர் வந்து சேர நேரமாகும் என்பதால், வீட்டாரே அடுப்பைக் கழற்றிப் பார்க்க முற்படுவது இயல்பு. எந்த வேலையை வீட்டில் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அறிந்திருப்பது இங்கு உயிர்காக்கும் அறிவாகும்.

எரிவாயுவின் தன்மை

சமையல் எரிவாயு புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவையாகும். இதற்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவை அறிந்துகொள்வதற்காக மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள பொருள் இதில் கலக்கப்படுகிறது. இவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. எனவே கசிந்தால் மேலே எழாமல் தரையை ஒட்டிப் பரவித் தாழ்வான இடங்களில் தேங்கும். காற்றில் சுமார் 2 முதல் 9 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டாலே தீப்பற்றும்.

அடுப்பு இயங்கும் முறை

சிலிண்டருக்குள் வாயு அதிக அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. ரெகுலேட்டர் இந்த அழுத்தத்தைச் சுமார் 30 மில்லிபார் அளவுக்குக் குறைக்கிறது. பின்னர் வாயு ரப்பர் குழாய், திருகு வால்வு ஆகியவற்றைக் கடந்து ஜெட் எனப்படும் நுண்துளை வழியே பீறிடுகிறது. அந்த வேகம் பக்கத்திலுள்ள காற்றையும் உள்ளே இழுக்கிறது. கலவை குழாய் வழியாகச் சென்று பர்னரில் எரிகிறது. காற்று போதுமான அளவில் கலந்தால் சுடர் நீலமாக இருக்கும்.

பழுதுகளும் காரணங்களும்

மஞ்சள் சுடர், பாத்திரத்தில் கரி: காற்று குறைவாகக் கலப்பதன் அடையாளம். பர்னர் துளைகளில் கஞ்சி வழிந்து அடைத்திருக்கலாம். விறகு அடுப்பையே பெரிதும் பயன்படுத்தி, எரிவாயு அடுப்பைச் சில வாரங்கள் சும்மா வைத்திருந்தால் கலவைக் குழாயில் தூசியோ சிலந்தி வலையோ சேர்ந்திருக்கலாம். முழுமையாக எரியாத வாயு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை உண்டாக்கும். ஆகவே இதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

சுடர் பர்னரை விட்டு எழும்புதல், உள்ளே வெடித்தல்: காற்று அளவு தவறியிருப்பதாலோ பர்னர் மூடி சரியாக அமராததாலோ ஏற்படும்.

திருகு இறுகுதல்: வால்வில் உள்ள மசகு காய்ந்துவிடுவதால் நேர்வது. அதை வலுவாகத் திருப்பினால் வால்வு கசியத் தொடங்கலாம்.

குளிர்காலக் காலையில் சுடர் மெலிதல்: குளிரில் திரவம் வாயுவாக மாறும் வேகம் குறைகிறது. சிலிண்டர் தீரும் நிலையில் இது நன்கு தெரியும். இதற்காகச் சிலிண்டரைச் சூடுபடுத்துவது பேராபத்து.

சமையல் தாமதமாதல்: கொல்லிமலையின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் சுமார் 96 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேக நேரமாவது அடுப்பின் பழுதன்று. சுடரைப் பெரிதாக்க ஜெட் துளையை ஊசியால் அகலப்படுத்தினால் வாயு அளவுக்கு மீறி வெளியேறும். பிரஷர் குக்கர் பயன்படுத்துவதே சரியான தீர்வு.

வீட்டில் செய்யக்கூடியவை

சிலிண்டர் வால்வை மூடி, அடுப்பு ஆறிய பிறகு பர்னர் மூடியை எடுத்துத் துலக்கலாம். துளைகளைத் தூரிகையால் சுத்தம் செய்து, நன்கு உலர்ந்த பின் பொருத்தலாம். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா எனப் பார்க்கலாம். தீக்குச்சி கொளுத்திக் கசிவைத் தேடக்கூடாது. வால்வு, ரெகுலேட்டர், ஜெட், உட்குழாய் ஆகியவை பயிற்சி பெற்ற தொழில்நுட்பருக்கு உரியவை. வெடித்த ரப்பர் குழாயைச் சுற்றி டேப் ஒட்டுவதும் கூடாது.

பொருத்தும் முறை

அடுப்பு ஐ.எஸ். 4246 தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இணைப்பிற்குத் தரச்சான்று பெற்ற ரப்பர் குழாயே ஏற்றது. அதன் நீளம் 1.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வெடிப்போ இறுக்கமோ தென்பட்டால் அதற்கு முன்னரும் மாற்ற வேண்டும். குழாய் சுவருக்குள்ளோ சூடான பகுதிக்கு அருகிலோ செல்லக்கூடாது. சிலிண்டரை நிமிர்த்தியே வைத்து, அடுப்பை அதைவிட உயரமான மேடையில் அமைக்க வேண்டும்.

நகரங்களில் குழாய் வழி எரிவாயுவுக்குப் பயன்பட்ட பழைய அடுப்பை வாங்கி வந்தால், தொழில்நுட்பர் ஜெட்டை மாற்றாமல் அதைச் சிலிண்டருடன் இணைக்கக்கூடாது. குழாய் எரிவாயு அடுப்பின் ஜெட் துளை பெரியது.

புதிய சிலிண்டர் வந்ததும் வால்வின் உள்ளே ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா எனக் கொண்டுவருபவரிடம் சோதித்துத் தரக் கேட்கலாம். சிலிண்டரின் கைப்பிடியைத் தாங்கும் பட்டையில் ஓர் எழுத்தும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அது அடுத்த சோதனைக்கான காலாண்டைக் குறிக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலும், டி என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலுமான காலத்தைக் காட்டும்.

விறகு அடுப்பும் உள்ள சமையலறை

விறகு அடுப்பு பெரும்பாலும் தரையிலேயே அமைந்திருக்கும். கசியும் வாயுவும் தரையிலேயே தேங்கும். சாம்பலுக்குள் மறைந்திருக்கும் கங்கு ஒன்றே அதைப் பற்றவைக்கப் போதுமானது. எனவே இவ்விரண்டு அடுப்புகளையும் தனித்தனி அறைகளில் வைப்பதே நல்லது. எரிவாயு உள்ள அறையில் தரையை ஒட்டிய காற்று வழி அவசியம். குளிருக்காக அதை அடைக்கக்கூடாது.

கசிவு ஏற்பட்டால்

நாற்றம் வந்தவுடன் திருகுகளையும் ரெகுலேட்டரையும் மூடி, தீ இருந்தால் அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறக்க வேண்டும். மின் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. நாற்றம் கடுமையாக இருந்தாலோ சீறும் ஓசை கேட்டாலோ அனைவரும் உடனே வெளியேற வேண்டும். வெளியே வந்த பிறகே கைபேசியில் எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழைக்க வேண்டும். உதவி வர நேரமாகும் மலைப்பகுதியில், அதுவரை அனைவரும் வீட்டிலிருந்து விலகி நிற்பதே பாதுகாப்பு.