மூன்று லேசர், ஒரே 6/6: வித்தியாசம் எங்கே?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்ற நினைக்கும் இளைஞர்கள் பலர் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறுகிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “பி.ஆர்.கே., லேசிக், ஸ்மைல்... எதுல பார்வை நல்லா வரும்?”

ஓராண்டு கழித்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால், மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நடுத்தர அளவு கிட்டப்பார்வை உள்ளவர்களில் பெரும்பாலோர் கண்ணாடி இல்லாமலே 6/6 வரிசையையோ அதை ஒட்டிய வரிசையையோ படித்துவிடுகிறார்கள். வேறுபடுவது குணமாகும் வேகமும் பக்கவிளைவுகளும்தான்.

கண்ணின் ஒளிவிலக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் வளைவிலிருந்து வருகிறது. அந்த வளைவைச் செதுக்கும் எக்சைமர் லேசர், சுற்றியுள்ள திசுவைச் சுடாமலே வெட்டும் என்பது 1981-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் தெரியவந்தது. கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். அவர்கள் சோதித்துப் பார்த்தது, விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்!

மூன்று வழிகள்

பி.ஆர்.கே.யில் கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டுச் செதுக்குகிறார்கள். தோல் மூட மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதுவரை வலியும் கூச்சமும் இருக்கும். பார்வை முழுசாகத் தெளியச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூடப் பிடிக்கும்.

லேசிக்கில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திறந்து, அடியில் செதுக்கி மூடுகிறார்கள். பலருக்கு மறுநாளே தெளிவு வந்துவிடும். ஆனால் கண்ணில் பலத்த அடி பட்டால் மூடி விலகலாம். கபடி ஆடுகிறவர்கள் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஸ்மைலில் மூடியே கிடையாது. உள்ளே வெட்டிய மெல்லிய தகட்டை 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக உருவி எடுக்கிறார்கள். முதல் சில நாட்களில் தெளிவு லேசிக்கைவிடச் சற்று மெதுவாக வரும். நரம்புகள் குறைவாக அறுபடுவதால் கண் உலர்வு குறைவு. பஞ்சுத் தூசி பறக்கும் மில்லில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பலகை காட்டாதது

பகல் வெளிச்சத்தில் 6/6 படித்தவருக்கும், ராத்திரி தென்காசி ரோட்டில் எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். பெரும்பாலும் சில மாதங்களில் குறைந்துவிடும், சிலருக்கு நீடிக்கும்.

கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு டயாப்டர் பவரைக் குறைக்கச் சுமார் 15 மைக்ரான் திசு போகும். லேசிக்கில் மூடிக்கு அடியில் 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். மெல்லிய கருவிழியும் அதிகப் பவரும் சேர்ந்தால் இந்தக் கணக்கு இடிக்கும். கருவிழி கூம்பாகும் நோயின் அறிகுறி இருந்தால், செதுக்குவதே ஆபத்து.

ஆகவே விலையை விசாரிக்கும் முன் கருவிழி வரைபடத்தைக் காட்டச் சொல்லி விளக்கம் கேளுங்கள். பார்க்கும் வேலை, ஆடும் ஆட்டம், இரவுப் பயணம் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். “உங்களுக்கு வேண்டாம்” என்று அவர் சொன்னால் வேறு ஆஸ்பத்திரி தேடி ஓடாதீர்கள். அந்தக் கண்ணுக்குக் கண்ணாடிதான் நல்ல சிகிச்சை.