நோயாளர்மையப் பராமரிப்பும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசமும்

நோயை மாத்திரம் நோக்காது, நோயுற்ற மனிதரை அவர்தம் சூழலோடு சேர்த்து நோக்குதல் வேண்டும் என்னும் கருத்தினை 1960களில் இங்கிலாந்தில் பாலின்ற் தம்பதியர் வற்புறுத்தினர். 2001இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் இதனைத் தரமான பராமரிப்பின் ஆறு இலக்குகளுள் ஒன்றாக வகுத்தது. பின்னர் அந்நாட்டில் இக்கோட்பாடு ‘பெறுமதி’ என்னும் கணக்குடன் பிணைக்கப்பட்டது. செலவிடப்பட்ட ஒவ்வொரு டொலருக்கும் நோயாளி பெற்ற நன்மை யாது என்பதே அக்கணக்கு. கட்டணச் சீட்டு வழங்கும் சமூகத்திற் பிறந்த இவ்வளவுகோல், அச்சீட்டு இல்லாத எமது அரச வைத்தியசாலைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

இலங்கையில் அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் 1951இல் நீக்கப்பட்டன. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் நடைமுறை புகுத்தப்பட்டபோது சிகிச்சைக்கு வருவோர் தொகை வீழ்ச்சியுற்றது. 1977இல் அது கைவிடப்பட்டது. நகரத்து நடுத்தர வர்க்கத்தினர் பொருட்படுத்தாத ஒரு நாணயம் வறியோரை வாசலில் நிறுத்தியது. ஆயின், கட்டணமின்மை செலவின்மை ஆகாது என்பதைப் படுவான்கரை எமக்கு உணர்த்துகின்றது.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையும் இப்பக்கத்திலேயே உள்ளன. வாவியின் மேற்கே வயலும் குளமும் சார்ந்த படுவான்கரைக் கிராமங்கள் பரந்துள்ளன. கொக்கட்டிச்சோலையிலிருந்து வருவோர் மண்முனைத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையிலேயே நெடுங்காலம் வாவியைக் கடந்தனர். போர்க்காலத்தில், 2007 வரை, இந்நீர்ப்பரப்பே பெரும்பாலும் இரு கட்டுப்பாட்டுப் பிரதேசங்களின் எல்லையாகவும் இருந்தது. மண்முனைப் பாலம் 2014இலேயே திறக்கப்பட்டது. அப்பாலத்தைப் போக்குவரத்து அபிவிருத்தியாக எழுதுவோர் பலர். அதனை ஒரு மருத்துவச் சீர்திருத்தமாகவும் கொள்ளுதல் தகும். எனினும் பாலத்தை அடைவதற்கு பஸ் வேண்டும். அறுவடைக் காலத்தில் நீரிழிவுக் கிளினிக்கிற்கு வரும் கூலி விவசாயி ஒரு நாட் கூலியை இழக்கின்றார். துணைக்கு வருபவரும் இழக்கின்றார். வைத்தியசாலையின் வரவுசெலவுக் கணக்கில் இவ்விழப்பு இடம்பெறுவதில்லை. கிளினிக்கிற்கு வராதோரை ‘ஒத்துழையாத நோயாளர்’ எனக் குறிப்பது எளிது. அந்நாளின் விலையை விசாரிப்பதே கடினம்.

மொழி பற்றிய பிரச்சினை இதனிலும் நுண்மையானது. தமிழ் பேசத் தெரிந்த வைத்தியர் இருப்பதனாலேயே அது தீர்ந்துவிடுவதில்லை. சூடு, குளிர்மை, கிரந்தி, நாவூறு, பத்தியம் என்பன இப்பிரதேச மக்கள் தம் உடலைப் பற்றிச் சிந்திக்கும் வகைப்பாடுகள். வாவிக்குத் தெற்கேயுள்ள அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தமிழரும் முஸ்லிம்களும் இச்சிந்தனை முறையைப் பெருமளவு பகிர்ந்துகொள்வதை எடுத்துக்காட்டியுள்ளார். பரிகாரியார் கொடுத்த குளிசையையும் கிளினிக் மருந்தையும் ஒருங்கே உட்கொள்ளும் நோயாளி, ஏச்சுக்கு அஞ்சி முன்னையதை மறைத்துவிடின், வைத்தியர் அறியாத ஒரு சிகிச்சை அவர் சிகிச்சையோடு கலந்துவிடுகின்றது. நோயாளியின் சொல்லைக் கேட்டல் பண்பு சார்ந்த விடயம் மாத்திரமன்று. மருந்தளவு சார்ந்த விடயமுமாகும்.

போர்க்காலத்தில் காணாமற்போனோரின் குடும்பத்தினர் அம்மன் கோவில்களில் தெய்வமாடுவோரிடம் வாக்குக் கேட்கச் சென்றமை பற்றிப் பற்றீசியா லோறன்ஸ் 1990களில் விரிவாக ஆராய்ந்தார். அதனை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுவது முற்போக்காளராகிய எமக்கு வசதியானது. ஆயின், வேறெங்கும் வாய்திறக்க அஞ்சிய தாய்மார் அங்கு பேசினர். அவர்களது உடல்நோவும் இழப்பும் வெவ்வேறாகப் பிரிக்கப்படாமலே கேட்கப்பட்டன. சில நிமிடங்களில் முடிவுறும் வெளிநோயாளர் பரிசோதனையில் அதற்கு இடமில்லை.

ஆட்பற்றாக்குறையுள்ள நாட்டில் இவையெல்லாம் எவ்வாறு சாத்தியம் எனச் சிலர் வினவுவர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலமுதல் வளர்ந்துவந்த மருத்துவிச்சி முறையை இவர்கள் மறந்துவிடுகின்றனர். வீடு தேடிச் சென்று, கர்ப்பிணியின் அடுக்களையையும் கிணற்றையும் மாமியாரையும் அறிந்து பணியாற்றிய அப்பெண்கள், தாய்மார் மரணத்தைக் குறைத்ததில் பெரும்பங்கு வகித்தனர். நோயாளர்மையம் என்னும் பெயர் அன்று எவருக்கும் தெரியாது. நீரிழிவும் சிறுநீரக நோயும் உடைய முதியோருக்கு அவ்வாறான வருகை ஏன் இல்லை? குறைந்தபட்சம், படுவான்கரை பஸ்களின் நேரத்தை அறிந்து கிளினிக் இலக்கங்களை வழங்குவதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. கிளினிக் கொப்பியில் ஊர்ப்பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருக்கின்றது.