தேனீக்கு வயிறு சரியில்லை!

குழந்தைகளே! உங்களுக்கு வயிறு சரியில்லை என்றால் வீட்டில் என்ன நடக்கும்? அம்மா ஓமத் தண்ணீர் கொடுப்பார். "நேற்று சாயங்காலம் தெருவில் என்ன வாங்கித் தின்றாய்?" என்று பாட்டி விசாரணையை ஆரம்பிப்பார். பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் விடுமுறை. சரி, தேனீக்கு வயிறு சரியில்லை என்றால்?

சிரிக்காதீர்கள்! தேனீக்கும் வயிற்றுக் கோளாறு வரும். ஒரு தேனீக்கு வந்தது ஆயிரக்கணக்கான தேனீக்களுக்குப் பரவி, ஒரு பெட்டியே காலியாகிவிடுவதும் உண்டு. "எனக்கு வயிறு வலிக்கிறது" என்று தேனீ வாய் திறந்து சொல்லாது. தேனீ வளர்ப்பவர்தான் துப்பறியும் நிபுணர்போலக் கண்டுபிடிக்க வேண்டும். அவருக்கு முதல் துப்பு எங்கே கிடைக்கும் தெரியுமா? தேனீ 'வெளிக்குப் போன' இடத்தில்!

வீட்டுக்குள் மட்டும் கூடாது

தேனீக்கள் மகா சுத்தக்காரர்கள். கூட்டுக்குள் ஒருநாளும் கழிவை வெளியேற்றுவதில்லை. அவசரம் என்றால் வெளியே பறந்துபோய், பறந்துகொண்டே வேலையை முடித்துவிட்டுத் திரும்பும். நம் ஊரில் இது ஒரு பிரச்னையே இல்லை. ஆண்டு முழுக்க வெயில், நினைத்தபோது பறக்கலாம்.

ஜெர்மனி, போலந்து, கனடா போன்ற நாடுகளில் அப்படி முடியுமா? அங்கே குளிர்காலத்தில் வெளியே பறந்தால் விறைத்து விழ வேண்டியதுதான். அதனால் எல்லாத் தேனீக்களும் பெட்டிக்குள் பந்துபோல ஒட்டிக்கொண்டு, பறக்கும் தசைகளை நடுக்கி நடுக்கி வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பத்துக்கு விறகு எது? சேர்த்து வைத்த தேன். தேனைச் சாப்பிட்டால் கழிவும் சேரும் அல்லவா? அதை வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் அடக்கிக்கொண்டு இருக்கும். தேனீயின் மலக்குடல் பலூன்போல விரிந்து கொடுக்கும். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட அதில் சேர்ந்துவிடும். 30 கிலோ எடையுள்ள ஒரு பையன் 10 கிலோவை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அடேயப்பா!

பிறகு ஒருநாள் சூரியன் எட்டிப் பார்க்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பெட்டிக் கதவருகே ஒரே தள்ளுமுள்ளு. ஆயிரக்கணக்கில் வெளியே பாயும். சற்று நேரத்தில் வெள்ளைவெளேர் என்றிருந்த பனியின்மேல் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள்! அந்தப் பக்கம் யாராவது துணி காயப்போட்டிருந்தால் அவ்வளவுதான்.

இந்தப் புள்ளிகள் ஒருமுறை உலக அரசியலையே கலக்கின. 1981-இல், லாவோஸ், கம்போடியா நாடுகளில் வானிலிருந்து 'மஞ்சள் மழை' பெய்கிறது, அது சோவியத் நாட்டு விஷம் என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. இலைகளில் இருந்த மஞ்சள் புள்ளிகளைச் சோதித்தபோது அவற்றில் நிறைய மகரந்தம் இருந்தது. 1984-இல் மேத்யூ மெசல்சன், தாமஸ் சீலி என்ற விஞ்ஞானிகள் தாய்லாந்துக் காட்டுக்குப் போனார்கள். அங்கே மலைத்தேனீக்கள் கூட்டமாகப் பறந்து அவர்கள் தலைமீதே 'மழை' பொழிந்தன. அந்த மஞ்சள் புள்ளிகள் தேனீ எச்சம்தான் என்றார்கள் இருவரும்!

சரி, நம் துப்பறியும் வேலைக்கு வருவோம்.

வாசலில் பழுப்புக் கோடு

புள்ளிகள் பெட்டியைவிட்டுத் தள்ளி விழுந்திருந்தால் கவலையில்லை. பெட்டியின் முகப்பிலும் வாசல் பலகையிலும் பழுப்பு நிறத்தில் வழிந்த கோடுகள் தெரிந்தால்? உள்ளே தேனடைமேலும் அதே கறை இருந்தால்? வளர்ப்பவருக்கு அப்போது நெஞ்சு 'திக்' என்கும். இவ்வளவு சுத்தக்காரர்கள் வீட்டு வாசலை அசிங்கம் செய்கிறார்கள் என்றால், அடக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். தேனீக்குப் பேதி!

காரணம் சாப்பாடாக இருக்கலாம். நல்ல பூந்தேனில் ஜீரணமாகாத சக்கை மிகக் குறைவு. சில மரங்களில் அசுவினிப் பூச்சிகள் சாற்றை உறிஞ்சி, இனிப்பான நீரைக் கசிய விடும். பூ கிடைக்காதபோது தேனீ அதையும் சேகரித்துவிடும். அதில் உப்புச்சத்தும் சக்கையும் அதிகம். அதைத் தின்றுவிட்டு மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால் வயிறு என்ன ஆகும்? புளித்துப்போன சர்க்கரைக் கரைசலும் இப்படித்தான்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நமக்கு வெள்ளைச் சர்க்கரையைவிட வெல்லம் நல்லது என்று பாட்டி சொல்வார். தேனீக்கு அது தலைகீழ்! வெல்லத்தில் இருக்கும் தாதுக்களும் கசடும் தேனீ வயிற்றைக் கெடுக்கும். அதனால்தான் பூ இல்லாத காலத்தில் நம் ஊர்த் தேனீ வளர்ப்பவர்கள்கூட வெள்ளைச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி வைக்கிறார்கள். தேனீ மூழ்கிவிடாமல் நின்று குடிக்க நாலு குச்சிகளையும் மிதக்க விடுவார்கள்.

சாப்பாடு சரியாக இருந்தும் பேதி நிற்கவில்லையா? அப்படியென்றால் சந்தேகப்பட வேண்டிய ஆள் ஒருவன் இருக்கிறான். பெயர் நொசிமா.

சுருள் ஊசிக்காரன்

1909-இல் ஜெர்மனியைச் சேர்ந்த எனோக் சாண்டர் என்ற விஞ்ஞானி, நோயுற்ற தேனீக்களின் குடலில் இந்தக் கிருமியைக் கண்டு விவரித்தார். காளான்களுக்கு உறவுக்காரனான மிகச் சிறிய ஒட்டுண்ணி இது. (2020-இல் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு 'வைரிமார்ஃபா' என்று பெயரை மாற்றினார்கள். பழகிய பெயரை யார் விடுவார்கள்? பலரும் இன்னும் நொசிமா என்றே சொல்கிறார்கள்.) இதன் வித்து ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணி வடிவில் இருக்கும். அளவு? ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 200 வித்துகளை வரிசையாக நிறுத்தலாம்!

அந்தக் குட்டி வித்துக்குள் ஒரு மெல்லிய குழல், இருபதுக்கும் மேற்பட்ட சுற்றுகளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தேனீ அந்த வித்தை விழுங்கும்வரை ஒன்றும் நடக்காது. தேனீயின் நடுக்குடலுக்குள் போனதும் 'விருட்' என்று குழல் வெளியே பாயும். குடல் சுவரின் செல்லை ஊசிபோலக் குத்தும். வித்துக்குள் இருக்கும் உயிர்ப்பொருள் அந்தக் குழல் வழியாகச் செல்லுக்குள் இறங்கிவிடும். அங்கே பல்கிப் பெருகும். சில நாட்களில் செல் வெடித்து, புது வித்துகள் குடலில் கொட்டும். நோய் முற்றிய ஒரே ஒரு தேனீயின் வயிற்றில் மூன்று கோடிக்கும் மேல் வித்துகள் இருக்கும்.

குடல் கெட்டுப்போனால் மகரந்தத்தைச் சரியாக ஜீரணிக்க முடியாது. மகரந்தம்தான் தேனீக்குப் பருப்பும் முட்டையும். அந்தச் சத்து இல்லாமல், புழுக்களுக்கு ஊட்டும் பாலைச் சுரக்கும் சுரப்பிகள் இளம் தேனீக்களின் தலையில் சுருங்கிவிடும். வீட்டில் குழந்தை வளர்க்க வேண்டிய வயதில் அவை வெளிவேலைக்குக் கிளம்பிவிடும். சீக்கிரமே செத்தும் போகும். வசந்தம் வந்து பூ பூக்கும் நேரத்தில், மற்றப் பெட்டிகளில் கூட்டம் பெருகும். இந்தப் பெட்டியில் மட்டும் நாளுக்கு நாள் தேனீக்கள் குறைந்துகொண்டே வரும்.

எப்படிப் பரவுகிறது? இதுதான் பெரிய சோகம். தேனீ பிறந்து வெளியே வந்ததும் செய்யும் முதல் வேலை, கூட்டின் அறைகளை நக்கிச் சுத்தம் செய்வது. பேதி பிடித்த தேனீ அடையில் கறை வைத்துவிட்டால், அதை நக்கித் துடைக்கும் இளம் தேனீயின் வயிற்றுக்குள் வித்து நேராகப் போய்விடும். எந்தச் சுத்தம் வீட்டைக் காத்ததோ, அதே சுத்தமே நோயை வீடு முழுக்கச் சுமந்து போகிறது.

பயப்படாதீர்கள், தேனீயின் நொசிமா மனிதர்களுக்கு வராது. தேனைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

தப்பான ஆளைப் பிடித்த கதை

கறையைப் பார்த்ததும் "நொசிமாதான்" என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது! இதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது.

இங்கிலாந்துக்குத் தெற்கே வைட் தீவு என்று ஒரு சின்னத் தீவு. 1904-ஆம் ஆண்டு தொடங்கி அங்கே தேனீக்கள் விநோதமாக நடந்துகொண்டன. பறக்க முடியாமல் புல்தரையில் ஊர்ந்தன. வயிறு உப்பியிருந்தது. பெட்டி பெட்டியாக அழிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டன் முழுக்க இதே கதை. காரணம் தெரியாமல் மக்கள் தவித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் நொசிமா புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. "இவன்தான் குற்றவாளி!" என்று 1912 வாக்கில் விஞ்ஞானிகள் சிலர் அறிவித்தார்கள்.

நல்ல ஆரோக்கியமான தேனீக்களிடமும் நொசிமா இருந்ததே, அது எப்படி? ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ரென்னியும் அவரது குழுவினரும் தேடினார்கள். தேனீயின் மூச்சுக்குழலுக்குள் குடியிருக்கும் ஓர் உண்ணியைப் பிடித்தார்கள். 1921-இல் அது வெளியாயிற்று. அப்பாடா, குற்றவாளி கிடைத்தான்! அதுவும் முழு உண்மையில்லை. பின்னாளில் லெஸ்லி பெய்லி என்ற ஆராய்ச்சியாளர், தேனீக்களை அப்படி ஊர்ந்து நடுங்க வைக்கும் ஒரு வைரஸ் இருப்பதைக் காட்டினார். பட்டினி, மோசமான பருவநிலை எல்லாமும் சேர்ந்துதான் அத்தனை தேனீக்களைக் கொன்றிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அதனால்தான் இன்று யாரும் வாசல் கறையை மட்டும் நம்புவதில்லை. வாசலுக்கு வந்துபோகும் வயதான தேனீக்களில் ஓர் அறுபதைப் பிடிப்பார்கள். (பாவம்தான்! ஆனால் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கானவற்றைக் காப்பாற்ற வேறு வழியில்லை.) அவற்றை உறைய வைத்து, வயிற்றுப் பகுதியைத் தண்ணீர் விட்டு அரைத்து, ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பளபளக்கும் அரிசிமணிகள் தெரிந்தால், ஆள் அவனேதான்.

நுண்ணோக்கி இல்லாதவர்கள் இறந்த தேனீயின் வால் நுனியை மெதுவாக இழுத்துக் குடலை வெளியே எடுத்துப் பார்ப்பதும் உண்டு. நல்ல குடல் பழுப்பாக, வளையம் வளையமாக இருக்கும். நோய்க் குடல் வெளுத்து, வீங்கி, வளையங்கள் மறைந்திருக்கும்.

நுண்ணோக்கியில் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு வழிகாட்டியவர் யார் தெரியுமா? லூயி பாஸ்டர்! நொசிமாவின் அண்ணன் ஒருவன் பட்டுப்புழுக்களைத் தாக்குவான். 1865-இல் பிரான்சின் பட்டுத் தொழிலே தள்ளாடியபோது பாஸ்டரை அழைத்தார்கள். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார். கிருமி இருந்தால் அதன் முட்டைகளை எரித்துவிடு என்று வழி சொன்னார் அவர். நம் நாட்டில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் இன்றும் தாய்ப்பூச்சிகளை இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

தேனீக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. 1996-இல் சீனாவில், ஆசியத் தேனீயின் வயிற்றில் இரண்டாவது வகை நொசிமாவைக் கண்டுபிடித்தார்கள். அது இத்தாலியத் தேனீக்குத் தாவி, உலகின் பல நாடுகளுக்கும் போய்விட்டது. இவன் பெரும்பாலும் வாசலில் கறையே வைக்க மாட்டான்! தேனீக்கு ஓயாமல் பசிக்கும், எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. வெளியே போனது திரும்பாது.

வராமல் தடுக்க

ஃபியூமாஜிலின் என்ற மருந்தைச் சில நாடுகளில் கொடுத்திருக்கிறார்கள். அது கிருமி பெருகுவதைத் தடுக்கும், வித்தைக் கொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தேனீக்களுக்கு அதைத் தர அனுமதியும் இல்லை. ஆகவே நல்ல வளர்ப்பவர் மருந்தைவிடப் பெட்டியைத்தான் நம்புவார்.

வெயில் படும், ஈரம் தங்காத மேட்டில் பெட்டியை வைப்பார். குளிருக்கு முன்பே உணவு போதுமா என்று பார்ப்பார். பக்கத்தில் சுத்தமான தண்ணீர் வைப்பார். பெட்டி வாசலுக்கு நேர் கீழே வைக்க மாட்டார். ஏன் என்று உங்களுக்கே தெரியும்! கருத்துப்போன பழைய அடைகளை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவார். சட்டங்களைத் தூக்கி வைக்கும்போது ஒரு தேனீகூட நசுங்காமல் பார்த்துக்கொள்வார். நசுங்கினால் வயிற்றில் இருப்பது அடையில் கொட்டும். மற்றவை வந்து நக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், செத்துப்போன கூட்டத்தின் அடைகளை எடுத்து அப்படியே வேறு பெட்டிக்குக் கொடுக்காமல் இருப்பது. "நல்ல அடை வீணாகிறதே" என்று ஆசைப்படுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காய்ந்த கறையில் வித்து ஓராண்டுக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். அடை வேண்டுமென்றால் தேன் இல்லாத வெற்று அடையை 49 டிகிரி வெப்பத்தில் ஒருநாள் முழுக்க வைக்க வேண்டும். வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டிவிடலாமே என்று நினைத்தால் ஆபத்து. 60 டிகிரியைத் தாண்டினால் மெழுகே உருகிவிடும்.

இத்தனையும் செய்துவிட்டு, குளிர்நாட்டுத் தேனீ வளர்ப்பவர் பிப்ரவரி மாதத்தில் ஒரு வெயில் நாளுக்காகக் காத்திருப்பார். அந்த நாள் வந்ததும் காப்பிக் கோப்பையோடு தோட்டத்தில் நின்றுவிடுவார். தேனீக்கள் குபுகுபுவென்று வெளியே வரும். பெட்டியின் முகப்பைக் குனிந்து பார்ப்பார், கறையே இல்லை. புள்ளிகளெல்லாம் தூரத்தில், பனியின்மேல். பக்கத்து வீட்டுக்காரரோ கொடியில் காயப்போட்ட வெள்ளைப் போர்வையைப் பிடித்துக்கொண்டு கத்துவார். நம் ஆளுக்கு முகமெல்லாம் சிரிப்பு!