புதிய உலகை எங்கே வைப்பது?

பெருநாள் விடுமுறை வந்துவிட்டால், சாணார்பட்டி வட்டாரத்து நம் குடும்பங்கள் சில சேர்ந்து வேன் பிடித்துப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் புறப்படுவதுண்டு. திண்டுக்கல் சென்று மதுரைச் சாலையில் திரும்பினால் பரவையில் ‘அதிசயம்’. இன்னும் தொலைவு போக மனமிருந்தால் நீலகிரி மலையடிவாரத்து ‘பிளாக் தண்டர்’. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் ஒரு திசையில் ஓட, பெரியவர்கள் நிழல் தேடி மறுதிசையில் நடப்பதை, வாசகப் பெருமக்களே, நீங்களும் கண்டிருப்பீர்கள். எந்த ராட்டினம் எங்கே நிற்பது, எந்தப் பாதை எங்கே முடிவது என்பதைத் தீர்மானிப்பது ஒரு தனிக்கலை. அதன் வெற்றியும் தோல்வியும் நம் கால்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இக்கலைக்கு இலக்கணமாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலேண்ட். 1955 ஜூலை 17 அன்று அது திறக்கப்பட்டபோது ஐந்து நிலங்கள் இருந்தன. (ஐந்து நிலம் நமக்குப் புதிதா என்ன!) நுழைவாயிலிலிருந்து ஒரே தெரு, அதன் முடிவில் ஒரு வட்டத்திடல், எதிரே கோட்டை, திடலிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் பாதைகள் பிரிந்தன. வழி தவறியவர் கோட்டையைப் பார்த்து நடந்தால் திடலுக்கு வந்துவிடலாம். பூங்காவைச் சுற்றி மண்மேடும் அதன்மேல் சிறு ரயில்பாதையும் அமைத்து, வெளியுலகம் கண்ணில் படாதவாறு மறைத்தார்கள்.

அழகான ஏற்பாடு, ஆனால் அந்த வேலியே பிற்காலத்தில் சிக்கலாயிற்று. புதிய நிலம் சேர்க்க வேண்டுமெனில் எங்கே சேர்ப்பது? 1993இல் ‘மிக்கீஸ் டூன்டவுன்’ என்னும் பகுதியை ரயில்பாதைக்கு அப்பால் வைத்தார்கள். தண்டவாளத்தின் அடியில் புகுந்துதான் அங்கே செல்ல வேண்டும். போன வழியே திரும்பவும் வேண்டும். ஒற்றைவாசல் வீட்டில் கல்யாணப் பந்தி வைத்தால் என்னவாகும் என்பதை நம் தாய்மார்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

2019 மே 31இல் திறக்கப்பட்ட ‘ஸ்டார் வார்ஸ்’ நிலத்திற்கு வேறு வழியைக் கையாண்டார்கள். அதன் பரப்பு 14 ஏக்கர். அதற்காகப் பூங்காவின் செயற்கை ஆற்றைச் சுருக்கி, ரயில்பாதையையே வளைத்தார்கள். 2016 ஜனவரியில் நின்ற ரயில் 2017 ஜூலையில்தான் மீண்டும் ஓடியது. ஆயினும் பழைய பகுதிகளிலிருந்து மூன்று வாசல்கள் கிடைத்தன. கூட்டம் ஓரிடத்தில் முட்டி நில்லாமல் பிரிந்து செல்ல வழி பிறந்தது. புதிய நிலத்தின் உயரமான பாறைகள் பழைய நிலங்களின் தோற்றத்தைக் கெடுக்காதபடி, ஆற்றங்கரையிலும் புதிய பாறைகளும் அருவிகளும் எழுப்பப்பட்டன. செலவு மிகுதிதான். எனினும் அதுவே சரியான முடிவு என்பேன்.

நம் பிள்ளைகள் பலர் பொருளீட்டும் அபுதாபியில் சிக்கல் வேறு. யாஸ் தீவில் 2018இல் திறக்கப்பட்ட வார்னர் பிரதர்ஸ் பூங்கா, பாலைவெயில் காரணமாக முழுவதும் கூரைக்கடியில், குளிரூட்டப்பட்ட ஆறு நிலங்களாக அமைந்தது. அதில் ‘ஹாரி பாட்டர்’ நிலம் சேர்க்கப்படும் என்று 2022இல் அறிவித்தார்கள். கூரையுள்ள பூங்காவில் வேலியைத் தள்ளி வைத்தால் போதாது. கட்டடமே வளர வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் பக்கத்துப் பூங்காக்கள் புதிய பகுதி சேர்க்கும்போது காலியிடம் எங்கே என்று மட்டுமே பார்ப்பதாகத் தோன்றுகிறது. பெண்களுக்கெனத் தனிக்குளம் அமைத்துச் சுற்றிலும் தடுப்பு எழுப்பிவிட்டு, அதன் அருகிலேயே உயரமான ராட்டினத்தை நிறுத்தினால் அத்தடுப்பினால் பயனென்ன? மேலிருந்து பார்ப்போருக்கு எல்லாம் தெரியுமே! நம் வீட்டுப் பெண்கள் கரையிலேயே அமர்ந்து கைப்பைகளுக்குக் காவலிருந்து திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழுமிடமும் அப்படியே. லுஹர் வேளையில் கோடியிலுள்ள ஓர் அறைக்குக் குழந்தைகளோடு நடந்துபோய்த் திரும்புவதற்குள் பொழுது கழிந்துவிடும். நடுத்திடலுக்கு அருகே, தண்ணீர்க்குழாயை ஒட்டி, ஒளூச் செய்ய வசதியுடன் சிறு அறையொன்று இருந்தால் போதும். தொழாதோருக்கும் அது கைக்குழந்தைக்குப் பாலூட்ட உதவும்.

அடுத்தமுறை செல்லும்போது நுழைவுச்சீட்டுடன் பூங்காவின் வரைபடத்தையும் கேளுங்கள். இந்த இரண்டையும் அதில் தேடிப் பாருங்கள். இல்லையெனில், திரும்பும்முன் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.