சுத்தியல் ஓசையும் அண்டை வீட்டு உறக்கமும்

தீபாவளி நெருங்கும் நாள்களில் மாணவர் பலர் வெறும் மைலோ டின்னில் ஆணியால் துளைகள் இட்டு அழகிய விளக்குச் செய்வதுண்டு. செலவில்லாத கைவேலை, உள்ளே அகல் ஏற்றியதும் சுவரெங்கும் ஒளிப்பூக்கள் மலரும். ஆயினும் வீட்டில் சுத்தியலை எடுத்த மறு நிமிடமே, “யாரது அங்கே தட்டுவது?” என்னும் குரல் சுவருக்கு அப்பாலிருந்து எழும். அக்குரலில் நியாயம் உண்டு. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டச் சென்றவர் பிற்பகலில்தான் சற்றே கண்ணயர்கிறார். செம்பனை ஆலையிலும் தொழிற்சாலையிலும் இரவு வேலை பார்ப்பவருக்கோ பகலே இரவு. அதற்காகப் பிள்ளைகள் கைவேலையைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஓசை எங்கே பிறக்கிறது என்பதை அறிந்தால், அதன் பெரும்பகுதியை நாம் அடக்கிவிடலாம்.

ஓசை என்பது அதிர்வு. நாம் அடிப்பது ஆணியின் தலையை. பெரிதும் அதிர்வதோ அதன் கீழுள்ள மேசை. மேலே மெல்லிய பலகை, கீழே வெற்றிடம். மத்தளத்தின் தோலுக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. அவ்வதிர்வு மேசைக்கால் வழியே தரைக்கும், தரை வழியே சுவருக்கும் செல்கிறது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். இரும்பிலோ ஏறக்குறைய 5,000 மீட்டர் பாயும். மரமும் கற்காரையும் அதனை நன்கு கடத்துவனவே. ஆகவேதான் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுத் தட்டினாலும் அடுத்த வீட்டாருக்குக் கேட்கிறது. ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் லயத்து வீடுகளிலும், அடுக்குமாடி வீடுகளிலும் இத்தொல்லை மிகுதி.

எனவே முதல் வேலை, மேசையை விட்டுத் தரைக்கு வருவது. ஒரு முழ உயரமுள்ள ரப்பர் மரக்கட்டையை, இறைச்சிக் கடைக் கட்டைபோல நிமிர்த்தி வைத்து, அதன்மேல் வேலை செய்க. எடை மிகுந்த பொருள் அடிக்கு எளிதில் அசையாது. அசைவு குறைந்தால் ஓசையும் குறையும். அரைவை இயந்திரம் வந்தபின் கொல்லையில் சும்மா கிடக்கும் அம்மிக்கல்லும் உதவும். (பாட்டியிடம் கேட்டுவிட்டு எடுப்பது நலம்!) கல்லின்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்தால் ஆணிமுனை மழுங்காது. கட்டையாயினும் கல்லாயினும் அதன் அடியில் நான்காக மடித்த சாக்கையோ பழைய ரப்பர் செருப்புகளையோ இடுக. எஞ்சிய அதிர்வு தரைக்கு இறங்காமல் பெரிதும் அங்கேயே தேய்ந்துவிடும். சுவரை ஒட்டி அமராது, சற்று விலகி அமர்க.

சிலர் மெத்தென்ற துணியை டின்னின் கீழேயே விரிப்பர். அது பயன் தராது. அடியின் வேகத்தைத் துணி விழுங்கிவிடுவதால், ஓரடியில் விழ வேண்டிய துளைக்கு மூன்றடி தேவைப்படும். வேலைப்பொருளின் கீழ்க் கடினம், கடினத்தின் கீழ் மென்மை. இவ்வரிசை மாறலாகாது.

இனி, வெறும் டின் தானே ஒரு மணி போன்றது. அதில் ஈரமணலை இறுகத் திணித்து மூடியிட்டால் அந்த மணி ஊமையாகும், டின்னும் நசுங்காது. அது உருளாதிருக்க இருபுறமும் சிறு மரத்துண்டுகளை முட்டுக் கொடுக்கலாம்.

இரும்பு இரும்பைத் தாக்கும்போது எழும் கீச்சொலியே காதை மிகவும் துளைப்பது. தச்சர் பயன்படுத்தும் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியல் இங்கே கைகொடுக்கும். மரம் சற்றே அமுங்கிக்கொடுப்பதால் கீச்சொலி நீங்கி மந்தமான ஓசையே எழும். ஆணி கூர்மையாக இருக்கட்டும். தயங்கித் தயங்கிப் பத்து முறை தட்டுவதைவிட, குறிபார்த்து ஓரிரு முறை உறுதியாக அடிப்பதே மேல். சிறு பிள்ளைகளாயின் பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். தகர விளிம்பு கையைக் கிழிக்கும்.

இத்தனையும் செய்தாலும் ஓசை முற்றிலும் அற்றுவிடாது. அடுத்த வீட்டு அண்ணனுக்கு இந்த வாரம் பகல் வேலையா, இரவு வேலையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்க. இரவு வேலையாயின் டின்னில் மணல் நிரப்புவதையும் தாளில் பூவடிவம் வரைந்து டின்மேல் ஒட்டுவதையும் பகலில் ஓசையின்றி முடித்துக்கொண்டு, ஆணி அடிக்கும் வேலையை அவர் எழுந்து தேநீர் அருந்தும் மாலை நேரத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.