பாட்டு வகுப்புக்கு யார் பணம் தருவது?

முதியோர் இல்லம் ஒன்றின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் முதலில் வருவது தாதியர் சம்பளம். அடுத்து உணவு, மருந்து, மின்கட்டணம், கட்டடப் பராமரிப்பு. பாட்டு வகுப்பு, ஓவியம், பழைய நினைவுகளைப் பகிரும் அங்கம், பள்ளி மாணவர்களோடு சேர்ந்து போடும் நாடகம் போன்றவை கடைசி வரியில் இருக்கும். வரவு குறையும் ஆண்டில் முதலில் அடிபடுவதும் அந்தக் கடைசி வரிதான். சோற்றையும் மருந்தையும் நிறுத்த முடியாது. பாட்டை நிறுத்தினால் யாரும் கேட்கப்போவதில்லை என்பது பொதுவான எண்ணம்.

ஏழு நாளும் ஒரே மாதிரி கழியும் ஓரிடத்தில், புதன்கிழமை பாட்டு ஆசிரியர் வருவார் என்பதுதான் சிலருக்கு நாள்காட்டி. அவர் வருவது நின்றுபோனால், புதனும் வியாழனும் ஒன்றாகிவிடுகின்றன.

பொழுதுபோக்கா, பராமரிப்பா?

கலை நடவடிக்கை உடல்நலத்துக்கு உதவுமா என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் ஜீன் கோஹன் 2001ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தார். வாஷிங்டன் வட்டாரத்தில் சராசரியாக 80 வயதுடைய 166 பேர் இரு பிரிவாக அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் தொழில்முறை இசைக் கலைஞர் நடத்திய சேர்ந்திசைக் குழுவில் வாரந்தோறும் பாடினர். மற்றவர்கள் வழக்கமான வாழ்க்கையைத் தொடர்ந்தனர். 2006இல் வெளியான முடிவுகளின்படி, பாடியவர்கள் மருத்துவரைப் பார்த்த தடவைகளும், உட்கொண்ட மருந்துகளும், கீழே விழுந்த சம்பவங்களும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. தனிமை உணர்வும் குறைந்திருந்தது.

சிங்கப்பூரிலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. மறதிநோய் அபாயம் கூடுதலாக உள்ள 93 மூத்தோரில் ஒரு பிரிவினர் ஈராண்டு சேர்ந்து பாடினர். மறுபிரிவினர் சுகாதாரக் கல்வி வகுப்புகளுக்குச் சென்றனர். 2020இல் வெளியான முடிவில் இரு பிரிவினரின் சிந்தனைத் திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே பாட்டு மறதிநோயைத் தடுத்துவிடும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், சுகாதார வகுப்புக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல என்று சொல்லலாம். சுகாதார வகுப்புக்குத் தயங்காமல் பணம் ஒதுக்குவோர், பாட்டு வகுப்புக்கு மட்டும் தயங்குவது ஏன்?

பணம் வரும் வழிகள்

முதல் வழி அரசாங்கம். ‘ஏஜ் வெல் எஸ்ஜி’ திட்டத்துக்குப் பத்தாண்டு காலத்தில் 3.5 பில்லியன் வெள்ளி செலவிடப்படும் என்று 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மூத்தோருக்கான கலை நடவடிக்கைகளைத் தேசிய கலைகள் மன்றம் தனது ‘சில்வர் ஆர்ட்ஸ்’ திட்டத்தின்வழி 2012 முதல் முன்னெடுத்து வருகிறது.

இரண்டாவது வழி நன்கொடை. 2011இல் அமைக்கப்பட்ட ‘கம்யூனிட்டி சில்வர் டிரஸ்ட்’, தகுதிபெற்ற நீண்டகாலப் பராமரிப்பு அமைப்புகள் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக, வெள்ளிக்கு வெள்ளி மானியம் வழங்கும் நோக்கத்துடன் தொடங்கப்பட்டது. இதற்கு விதிமுறைகளும் உச்சவரம்பும் உண்டு. அடிப்படைப் பராமரிப்புக்கு மேலான கூடுதல் சேவைகளுக்கும் அந்தப் பணத்தைப் பயன்படுத்த இடமுண்டு.

அதோடு, ஐபிசி தகுதிபெற்ற அறநிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்கு 250 விழுக்காட்டு வரிக்கழிவு உண்டு. 2026 இறுதிவரை அது தொடரும் என 2023 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. வருமான வரியில் 7 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவர் அத்தகைய அமைப்புக்கு 100 வெள்ளி தருவதாகக் கொள்வோம். அவரது வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி குறையும். அதனால் மிச்சமாகும் வரி 17 வெள்ளி 50 காசு. ஈட்டு மானியமும் கிடைத்தால், அவர் கையிலிருந்து போன 82 வெள்ளி 50 காசு இல்லத்தில் 200 வெள்ளியாகச் சேரும்.

தொடங்குவது எளிது, தொடர்வது அரிது

சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. மானியங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே தரப்படுகின்றன. புதிய திட்டம் என்றால் ஆதரவாளர் கிடைப்பார். படம் எடுத்துப் போடலாம். மூன்றாம் ஆண்டாக நடக்கும் அதே பாட்டு வகுப்புக்கு ஆதரவாளர் கிடைப்பது கடினம். துணையை இழந்து, வீட்டைவிட்டு வந்து, நண்பர்களையும் ஒவ்வொருவராகப் பறிகொடுத்த ஒருவருக்கு, பழகிய ஆசிரியரும் சொல்லாமல் நின்றுபோவது இன்னோர் இழப்பு. ஆகவே, பகட்டான ஒருநாள் விழாவைவிட, சிறிய தொகையில் ஆண்டு முழுதும் நடக்கும் வகுப்பே மேல்.

நன்கொடை கொடுப்போர் கலைப்பொருள்களுக்கு மட்டும் பணம் தர விரும்புவதும் உண்டு. வண்ணமும் தூரிகையும் மலிவு. கலைஞரின் ஊதியம், சக்கர நாற்காலி ஏறும் வாகனம், உடன் நிற்கும் ஊழியரின் நேரம் ஆகியவைதாம் பெரிய செலவு. அவற்றுக்குப் பணம் இல்லையென்றால் தூரிகைகள் அலமாரியில் உறங்கும்.

மொழி தெரியாத பாட்டு

இந்தியர்கள் சிறுபான்மையாக இருக்கும் நாட்டில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. இல்லத்தில் பலரும் மாண்டரின் அல்லது ஹொக்கியன் பேசுவோராக இருந்தால், நடவடிக்கைகளும் இயல்பாக அம்மொழிகளில் அமையும். அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒரே தமிழ்ப் பாட்டி கைதட்டுவார்; ஆனால் பாடமாட்டார். மறதிநோய் வந்த பலர் பின்னாளில் கற்ற மொழியை முதலில் இழந்து தாய்மொழிக்குத் திரும்புவதால், இது சிறிய விஷயமன்று. யீஷூனில் இயங்கும் ஸ்ரீ நாராயண மிஷன் தாதிமை இல்லம் எல்லா இனத்தவரையும் ஏற்கிறது. அதுபோலவே, பிற இல்லங்களில் சிதறியிருக்கும் தமிழ் முதியோரையும் தேடிச் செல்ல வேண்டும். பூத்தொடுக்கவும் கோலமிடவும் பழைய திரைப்பாடல் பாடவும் தெரிந்த தமிழ்த் தொண்டூழியர் ஒருவரின் இரண்டு மணி நேரம், பணத்தால் எளிதில் வாங்க முடியாத நன்கொடை.

வாசலுக்கு வெளியே

கலை உள்ளேயே முடங்கிவிடக் கூடாது. 2018இல் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்டியில் மூத்தோருக்கான வீடுகளும் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் மருத்துவ நிலையமும் ஒரே வளாகத்தில் உள்ளன. பாட்டு வகுப்பின் ஓசை பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற ஏற்பாடு இது. ஆனால், கதவைச் சாத்திக்கொண்டு தனியே வாழ்பவர் அழைப்பிதழைப் பார்த்து வரமாட்டார். யாராவது போய்க் கூப்பிட வேண்டும். முதிய தலைமுறை அலுவலகத்தின் தூதர்கள் வீடுவீடாகச் செல்வதும் அதற்காகவே.

இல்லத்தில் உள்ள தாய்தந்தையரைப் பார்க்கச் செல்லும் பிள்ளைகள், “அம்மா சாப்பிட்டாரா?” என்று தாதியிடம் கேட்பது வழக்கம். அதோடு, “இந்த வாரம் அம்மா என்ன செய்தார்?” என்றும் கேட்கலாம். அந்தக் கேள்வி அடிக்கடி எழுந்தால், கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியை அழிக்கும் கை சற்றுத் தயங்கும்.